சார்பியலும் அண்டவியலும்: புதிதாகப் படிக்கிறவர்கள் எங்கே தொடங்குவது?

இயற்பியல் பக்கம் புதிதாக வருகிறவர்களில் பலர் கருந்துளையைப் பார்த்து மயங்கித்தான் வருகிறார்கள். ஒரு காணொளி, அதில் ஒரு ரப்பர் விரிப்பு, நடுவில் கனமான ஒரு பந்து. பார்க்க அழகாக இருக்கும். பத்து நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரியும் இருக்கும். மறுநாள் யாராவது, "சரி, வேகமாக நகரும் கடிகாரம் ஏன் மெதுவாக ஓடுகிறது?" என்று கேட்டால் பதில் வராது.

வரிசை மாறிப் படித்ததன் விளைவு இது. சிறப்புச் சார்பியலுக்குப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். பிதாகரஸ் தேற்றமும் எளிய இயற்கணிதமும் தெரிந்தால் முக்கால் வாசியை நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "நேரம்" என்ற சொல்லைக் கேட்டதும் "யாருடைய கடிகாரத்தில்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கப்போகிறோம். பென்சிலும் கட்டம் போட்ட தாளும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே வாசித்தால் இது மனதில் ஒட்டாது.

முதல் படி: ஐன்ஸ்டைனுக்கு முன்னால் கலிலியோ

கலிலியோ 1632-இல் முன்வைத்த காட்சி இது. கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு மூடிய அறையில் இருக்கிறீர்கள். மேலே தொங்கும் குடுவையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள பாத்திரத்தில் விழுகிறது. வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. கப்பல் குலுங்காமல், திரும்பாமல், ஒரே வேகத்தில் போனால், அது நிற்கிறதா போகிறதா என்பதை அறைக்குள் நடக்கும் எதை வைத்தும் சொல்ல முடியாது. சொட்டு நேராகப் பாத்திரத்திலேயே விழும். பூச்சிகள் பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளாது.

ஆக, "நகர்கிறது" என்று மொட்டையாகச் சொன்னால் பொருளில்லை. எதைப் பொறுத்து என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படி நாம் எதைப் பொறுத்து அளக்கிறோமோ அதைப் பாடநூல்கள் குறிப்பாயம் என்கின்றன. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஓர் அளவுகோல், அங்கங்கே வைத்து ஒன்றோடொன்று நேரம் சரிபார்த்த கடிகாரங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் போகும் ரயிலுக்குள் நீங்கள் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கி நடக்கிறீர்கள். நடைமேடையில் நிற்பவருக்கு உங்கள் வேகம் 65. இந்தக் கூட்டலை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் உடையப்போவது இதுதான்.

இரண்டாம் படி: அடம்பிடிக்கும் ஒளி

1860-களில் மேக்ஸ்வெல், மின்சாரத்தையும் காந்தத்தையும் சேர்த்து எழுதிய சமன்பாடுகளிலிருந்து ஓர் அலையின் வேகம் வெளிவந்தது. நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். அதுதான் ஒளி. ஆனால் எதைப் பொறுத்து அந்த வேகம்? சமன்பாட்டில் அதற்குப் பதில் இல்லை. வெளி முழுக்க ஈதர் என்று ஏதோ நிரம்பியிருக்கிறது, அதைப் பொறுத்துத்தான் என்று அக்காலத்தினர் நம்பினார்கள். பூமி அந்த ஈதருக்குள் ஓடுவதால், ஒளியின் வேகம் திசைக்குத் திசை மாற வேண்டும். 1887-இல் மைக்கேல்சனும் மோர்லியும் மிக நுட்பமாக அளந்து பார்த்தார்கள். எதிர்பார்த்த வேறுபாடு தென்படவில்லை.

1905-இல் ஐன்ஸ்டைன் இரண்டே இரண்டு கூற்றுகளை அடிப்படையாக வைத்தார். ஒரே வேகத்தில் நேராகப் போகும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றுதான். அவர்கள் யார் அளந்தாலும் வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் ஒன்றுதான். முதலாவது கலிலியோ சொன்னதன் நீட்சி. இரண்டாவதுதான் வம்பு. ரயிலின் முன்விளக்கை எரியவிட்டால், ஒளியின் வேகத்தோடு ரயிலின் வேகம் கூடாது. இன்று மீட்டர் என்ற அலகையே ஒளியை வைத்துத்தான் வரையறுத்திருக்கிறார்கள். 1983 முதல் ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர், தசமப்புள்ளிக்குப் பிறகு எதுவும் இல்லை.

வேகம் என்றால் தூரம் வகுத்தல் நேரம். எல்லோருக்கும் அந்த விடை ஒன்றாகவே வர வேண்டுமென்றால், தூரமும் நேரமும்தான் வளைந்துகொடுக்க வேண்டும். எவ்வளவு என்று பார்க்கலாம்.

மூன்றாம் படி: 3, 4, 5

தாளில் வரையுங்கள். கீழே ஒரு கண்ணாடி, மேலே ஒரு கண்ணாடி, நடுவில் 4 கட்டம் இடைவெளி. ஒளித்துளி கீழிருந்து மேலே போவது ஒரு "டிக்". இதை ரயிலில் ஏற்றுங்கள். ரயிலுக்குள் இருப்பவர் பார்வையில் ஒளி 4 கட்டம் நேராக மேலே போகிறது.

வெளியே நிற்பவர் பார்வையில், ஒளி மேலே போய்ச் சேர்வதற்குள் மேல் கண்ணாடி 3 கட்டம் முன்னே போய்விட்டது என்று வைப்போம். அப்படியானால் ஒளி சாய்வாகப் போயிருக்க வேண்டும். செங்கோண முக்கோணத்தில் 3, 4 பக்கங்கள் என்றால் கர்ணம் 5. ஒளி 5 கட்டம் போன நேரத்தில் ரயில் 3 கட்டம் போயிருக்கிறது, எனவே ரயிலின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.6 பங்கு. ஒளி இருவருக்கும் ஒரே வேகம் என்பதால், உள்ளே 4 அலகு நேரம் கழியும்போது வெளியே 5 அலகு கழிகிறது. விகிதம் 1.25.

முடிந்தது. கால நீட்சியை நீங்களே வருவித்துவிட்டீர்கள். 3-க்குப் பதில் வேறு எண் போட்டு, எழுத்துகளில் எழுதிப் பார்த்தால் பாடநூலில் வரும் வர்க்கமூலச் சூத்திரம் கிடைக்கும். அதை ஒருமுறை கையால் செய்துவிடுங்கள், பிறகு மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

இது வெறும் தாள் விளையாட்டு என்று தோன்றினால் மியூவானைப் பாருங்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில், சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மோதும்போது உருவாகும் துகள் இது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனாலும் தரையில் மியூவான்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒளியின் வேகத்தில் 0.995 பங்கில் வரும் மியூவானுக்கு அந்த விகிதம் 10. நம் கணக்கில் அதன் கடிகாரம் பத்து மடங்கு மெதுவாக ஓடுகிறது. மியூவானைக் கேட்டால், "என் கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது, உங்கள் 15 கிலோமீட்டர்தான் ஒன்றரையாகச் சுருங்கிவிட்டது" என்று சொல்லும். இரண்டு கணக்கும் ஒரே விடையைத் தருகின்றன. நீளக் குறுக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: "ஒரே நேரத்தில்" என்பதை விடுவது

மெதுவாகப் போக வேண்டிய இடம் இது. நான் படித்தபோது இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிட்டு, அப்புறம் வந்த ஒவ்வொரு புதிரிலும் மாட்டிக்கொண்டேன்.

அதே ரயில், அதே 0.6 வேகம். ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கணக்குச் சுலபமாக வர, வெளியே நிற்பவர் அளவில் அதன் நீளம் 8 ஒளிநொடி என்று வைப்போம் (ஒளி ஒரு நொடியில் போகும் தூரம் ஓர் ஒளிநொடி, ஆம், அபத்தமான நீளம்தான்). பெட்டியின் நட்டநடுவில் விளக்கு எரிகிறது. ஒளி இரு பக்கமும் போய்க் கதவுகளைத் தொடுகிறது.

உள்ளே இருப்பவருக்குக் குழப்பமே இல்லை. விளக்கு நடுவில், இரு கதவுகளும் சம தூரத்தில், எனவே ஒளி இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. வெளியே நிற்பவர் கணக்கைப் போடுங்கள். பின்கதவு 4 ஒளிநொடி தூரத்தில் இருந்து ஒளியை எதிர்கொண்டு வருகிறது. இடைவெளி நொடிக்கு 1 + 0.6 = 1.6 வீதம் குறைகிறது. 4-ஐ 1.6-ஆல் வகுத்தால் 2.5 நொடி. முன்கதவோ ஒளியிடமிருந்து விலகி ஓடுகிறது. இடைவெளி நொடிக்கு 0.4 வீதம்தான் குறைகிறது. 4-ஐ 0.4-ஆல் வகுத்தால் 10 நொடி. ஆக, வெளியே நிற்பவருக்குப் பின்கதவு முதலில், முன்கதவு ஏழரை நொடி கழித்து.

(1.6 என்பது ஒளியின் வேகத்தைத் தாண்டிவிட்டதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த வேகத்தில் எந்தப் பொருளும் ஓடவில்லை. இரண்டு பொருள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி குறையும் வீதம் அது. அதற்குத் தடை இல்லை.)

உடனே வரும் இன்னொரு சந்தேகம்: "கதவிலிருந்து ஒளி கிளம்பி அவர் கண்ணுக்கு வர நேரம் ஆகும், அதனால் ஏற்படும் மயக்கம்தானே இது?" இல்லை. கண்ணுக்கு வரும் தாமதத்தை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கதவு ஒளியைத் தொடும் இடத்திலேயே அவர் தரப்புக் கடிகாரம் ஒன்று நட்டு வைத்திருந்தால் அதில் பதிவாகும் நேரம் அது. பார்ப்பது வேறு, அளப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் சார்பியலில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இருவரில் யார் சொல்வது சரி? இரண்டுமே. தள்ளித் தள்ளி நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் "ஒரே நேரத்தில்" நடந்தன என்பது கேட்கும் ஆளைப் பொறுத்த சங்கதி. அதற்காக மகன் தந்தைக்கு முன் பிறந்துவிட மாட்டான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒளி போய்ச் சேர அவகாசம் இருந்தால், எது முதல் எது பின் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். வரிசை மாறுவது, ஒன்றையொன்று பாதிக்கவே முடியாத நிகழ்ச்சிகளுக்கு மட்டும்.

ஐந்தாம் படி: இரட்டையர் புதிரை வாழ்த்துகளால் அவிழ்ப்பது

ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். அவளோடு பிறந்தவள் 0.6 வேகத்தில் 3 ஒளியாண்டு தூரத்து நட்சத்திரத்துக்குப் போய், உடனே திரும்புகிறாள். வீட்டுக் கணக்கில் போக 5 ஆண்டு, வர 5 ஆண்டு, மொத்தம் 10. பயணிக்கு 1.25-ஆல் வகுத்தால் 8. ஆனால் பயணியும், "நான் நிற்கிறேன், வீடுதான் ஓடுகிறது" என்று சொல்லலாமே, பிறகு எப்படி அவள் மட்டும் இளையவள் ஆகிறாள்? இதுதான் புதிர்.

இருவரும் தத்தம் கடிகாரப்படி ஆண்டுக்கு ஒரு வாழ்த்தை ஒளியில் அனுப்பட்டும். 0.6 வேகத்தில் விலகும்போது வாழ்த்து 2 ஆண்டுக்கு ஒன்றாக வந்து சேரும். நெருங்கும்போது ஆண்டுக்கு 2. அனுப்புகிறவர் விலகினால் இடைவெளி விட்டும் நெருங்கினால் நெருக்கமாகவும் சமிக்ஞை வந்து சேர்வதை டாப்ளர் விளைவு என்பார்கள், ஒளிக்கு அது தரும் எண்கள் இவை.

பயணியின் பெட்டியைப் பாருங்கள். போகும் 4 ஆண்டில் 2 வாழ்த்து, திரும்பும் 4 ஆண்டில் 8. மொத்தம் 10. வீட்டுப் பெட்டியைப் பாருங்கள். பயணி நட்சத்திரத்திலிருந்து திரும்பிக் கிளம்பியது 5-ஆம் ஆண்டில். ஆனால் அந்தச் சேதி 3 ஒளியாண்டு தாண்டி வர 3 ஆண்டு ஆகும். எனவே வீட்டில் 8 ஆண்டுவரை வாழ்த்து மந்தமாகத்தான் வரும், மொத்தம் 4. மிச்சம் 2 ஆண்டில் வேகமாக 4. ஆக 8.

திரும்பிய கணமே பயணிக்கு வாழ்த்து வரும் வேகம் மாறிவிட்டது. வீட்டில் இருப்பவள் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் திரும்பியது பயணி. இருவர் நிலையும் சமம் இல்லை, புதிரும் இல்லை. இதையே கட்டத்தாளில், கிடைமட்டத்தில் ஒளியாண்டு, செங்குத்தில் ஆண்டு என்று எடுத்து வரையுங்கள். ஒளி எப்போதும் 45 பாகையில் போகும். மின்கோவ்ஸ்கி 1908-இல் சொன்ன காலவெளி என்பது இந்தப் படம்தான்.

E = mc² பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று நினைக்கலாம். பொருண்மையும் ஆற்றலின் ஒரு வடிவம் என்கிறது அது. முதல் சுற்றுக்கு அவ்வளவு போதும்.

ஆறாம் படி: விழுகிறவனுக்கு எடை இல்லை

1907-இல், காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்கு ஒன்று தோன்றியது: கீழே விழுந்துகொண்டிருப்பவன் தன் எடையை உணர மாட்டான். ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியலின் விதை அது. விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பது அங்கே ஈர்ப்பு இல்லாததால் என்று பலர் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

இதைத் திருப்பிப் போடுங்கள். மேல்நோக்கி முடுக்கத்தோடு போகும் ராக்கெட்டில் உச்சியில் ஒரு கடிகாரம், அடியில் ஒரு கடிகாரம். உச்சியில் இருப்பது டிக்குக்கு ஒரு முறை ஒளி அனுப்புகிறது. ராக்கெட்டின் அடிப்பகுதி வேகம் பிடித்து அந்த ஒளியை எதிர்கொண்டு வருவதால், துடிப்புகள் நெருக்கமாக வந்து சேர்கின்றன. அடியில் இருப்பவர், "மேல் கடிகாரம் வேகமாக ஓடுகிறது" என்பார். மூடிய அறைக்குள் முடுக்கத்தையும் ஈர்ப்பையும் பிரித்தறிய முடியாது என்றால், பூமியிலும் இதேதான் நடக்க வேண்டும். நடக்கிறது. பவுண்ட், ரெப்கா இருவரும் ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயர வேறுபாட்டிலேயே 1960 வாக்கில் இதை அளந்து காட்டினார்கள்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் வேகத்தால் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோநொடி பிந்தும். உயரத்தால் 45 முந்தும். மொத்தத்தில் 38 முந்துகிறது. அந்த 38 மைக்ரோநொடியில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும் என்பதால், கடிகாரங்களைக் கொஞ்சம் மெதுவாக ஓடும்படி அமைத்தே மேலே அனுப்புகிறார்கள்.

இப்போது அந்த ரப்பர் விரிப்புக்கு வருவோம். எனக்கு அது பிடிக்காது. கீழிருந்து ஏற்கெனவே ஈர்ப்பு இழுத்தால்தான் அந்த விரிப்பில் பந்து உருளும். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்குகிற பொம்மை அது. தவிர, அது வெளியின் வளைவை மட்டும் காட்டுகிறது. கையிலிருந்து நழுவும் கல் விழுவதற்கு முக்கியக் காரணம், உயரத்துக்கு உயரம் காலம் ஓடும் வேகம் மாறுவதுதான்.

1915-இல் கோட்பாடு முழுமை பெற்றது. புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) கூடுதலாகத் திரும்பும் பழைய புதிர் அதில் தீர்ந்தது. 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது, சூரியனை உரசி வரும் நட்சத்திர ஒளி வளைவதைப் பார்த்தார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று, இரு கருந்துளைகள் இணைந்ததில் எழுந்த ஈர்ப்பலைகளை, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வுகளை, லைகோ கருவிகள் பிடித்தன. பொதுச் சார்பியலின் சமன்பாடுகளைத் தீர்க்க டென்சர் கணிதம் வேண்டும். நுண்கணிதம் கைவந்த பிறகு அதைத் தொடலாம், இப்போது வேண்டாம்.

ஏழாம் படி: எலாஸ்டிக்கில் ஓர் அண்டம்

ஓர் எலாஸ்டிக் நாடாவை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒரு புள்ளியை நீங்கள் என்று வைத்துக்கொண்டு, நாடாவை இரு மடங்கு இழுங்கள். பக்கத்துப் புள்ளி 1-லிருந்து 2 சென்டிமீட்டருக்குப் போயிருக்கும், ஒன்று விலகியது. அடுத்தது 2-லிருந்து 4-க்கு, இரண்டு விலகியது. மூன்றாவது மூன்று. தூரம் கூடக்கூட விலகும் வேகமும் அதே அளவில் கூடுகிறது. இப்போது வேறொரு புள்ளியை நீங்கள் என்று வைத்துக்கொண்டு திரும்ப அளங்கள். அதே விடை. எல்லோரும் என்னைவிட்டு ஓடுகிறார்கள் என்று ஒவ்வொரு புள்ளியும் சொல்லும், நடுப்புள்ளி என்று எதுவும் கிடையாது.

விண்மீன் திரள்கள், அதாவது கேலக்ஸிகள், இப்படித்தான் விலகுகின்றன. லெமெய்த்ர் 1927-இலும் ஹபிள் 1929-இலும் இதைச் சொன்னார்கள். தூரத்தை அளக்க ஹபிளுக்குக் கைகொடுத்தது, ஒருவகைத் துடிக்கும் நட்சத்திரங்களைப் பற்றி ஹென்ரியெட்டா லீவிட் 1912-இல் வெளியிட்ட விதி. பிரகாசமானவை மெதுவாகத் துடிக்கும் என்பது அதன் சாரம்.

வேகத்தைச் சொல்வது செம்பெயர்ச்சி. ஹைட்ரஜன் தரும் சிவப்புக் கோடு ஒன்றின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். ஒரு கேலக்ஸியில் அதே கோடு 1312.6-இல் தெரிந்தால் அலை இரு மடங்கு நீண்டிருக்கிறது. அப்படியானால் அந்த ஒளி கிளம்பியபோது அண்டத்தில் தூரங்கள் இன்றைக்கு உள்ளதில் பாதி. இந்த வாசிப்பைப் பழகிக்கொள்ளுங்கள். "இத்தனை வேகத்தில் ஓடுகிறது" என்பதைவிட "இத்தனை மடங்கு நீண்டது" என்பது குழப்பம் குறைந்தது.

அடுத்து வயது. விலகும் வீதம் ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு நொடிக்கு சுமார் 70 கிலோமீட்டர். ஒரு மெகாபார்செக் 3.09 × 10¹⁹ கிலோமீட்டர். அதை 70-ஆல் வகுத்தால் 4.4 × 10¹⁷ நொடி, அதாவது சுமார் 1400 கோடி ஆண்டு. முழுக் கணக்குப் போட்டால் 1380 கோடி. ஒற்றை வகுத்தல் இவ்வளவு நெருங்கி வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. விரிவு முதலில் வேகம் குறைந்து பிறகு கூடியது. இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டன.

பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது என்று கேட்காத மாணவர் இல்லை. எலாஸ்டிக் நாடாவில் எந்தப் புள்ளியில் விரிவு தொடங்கியது? எல்லாப் புள்ளியிலும்தான். அதன் மிச்ச வெப்பமும் அதனால் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. 1964-இல் பென்சியாசும் வில்சனும் ஒரு வானொலி ஆன்டெனாவில் நிற்காத இரைச்சல் ஒன்றைக் கேட்டார்கள். புறா எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. அண்டத்துக்கு 3,80,000 வயதாக இருந்தபோது, 3000 கெல்வின் வெப்பநிலையில் புறப்பட்ட ஒளி அது. சுமார் 1100 மடங்கு நீண்டு, இன்று 2.725 கெல்வினாக ஆறிக் கிடக்கிறது.

இதன் பிறகு வருவதெல்லாம் இன்னும் கட்டி முடிக்காத வீடு. கேலக்ஸிகளின் வெளிவட்டத்தில் உள்ளவை எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவதை வேரா ரூபின் 1970-களில் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழுக்கிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். விரிவின் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, வைத்து இரண்டு குழுக்கள் கண்டன. இன்றைய கணக்கில் நமக்குத் தெரிந்த அணுக்கள் சுமார் 5 சதவீதம், கரும்பொருள் 27, விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல் 68.

அந்த 70-ஐயும் முழுதாக நம்பிவிடாதீர்கள். ஆதி ஒளியை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 67 வருகிறது. நட்சத்திரங்களையும் சூப்பர்நோவாக்களையும் படிப்படியாக அளந்து போனால் சுமார் 73 வருகிறது. மேலே செய்த வகுத்தலை இரண்டு எண்ணாலும் போட்டுப் பாருங்கள். ஒன்று 1460 கோடி, மற்றொன்று 1340 கோடி. எந்த அளவீட்டில் பிழை, அல்லது கோட்பாட்டில்தான் ஓட்டையா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.